கைகொடுப்பதும் கையை எடுப்பதும்

(கல்லூரி ஒன்றின் மனையியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம். பேச்சினிடையே வந்த சில கிளைச் செய்திகள் விடப்பட்டுள்ளன.)



குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசப் போகிற இடங்களில் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் வயதுக் கணக்குதான். எத்தனை வயதில் தானாகச் சாப்பிட விடலாம்? எத்தனை வயதுவரை சட்டை மாட்டிவிடலாம்? நான் ஊட்டுவதில்லை, ஊருக்குப் போனால் பாட்டி ஊட்டிவிடுகிறார்கள், யார் செய்வது சரி? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இரண்டு பயங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்தால் பிள்ளை கையாலாகாமல் வளர்ந்துவிடுமோ என்பது ஒன்று. விட்டுவிட்டால் ஏங்கிப்போய்விடுமோ என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான பயங்கள். பிள்ளைமேல் அக்கறை இல்லாதவருக்கு இரண்டில் ஒன்றுகூட வராது.

இன்று நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கருத்து. எவ்வளவு உதவுவது என்பதை வயதைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. செல்லம் கொடுக்கிறவர், கண்டிப்பானவர் என்ற நம் சுபாவத்தைக் கொண்டும் தீர்மானிக்க முடியாது. குழந்தை சற்றுமுன் என்ன செய்தது என்று பார்த்து, அதற்கேற்ப அடுத்த உதவியை அளக்க வேண்டும். தடுமாறினால் ஒரு படி கூட்ட வேண்டும், செய்துவிட்டால் ஒரு படி குறைக்க வேண்டும். சொல்லும்போது எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் பயிற்சி பெற்றவர்களுக்கே இதை விடாமல் கடைப்பிடிப்பது கடினம். இது எங்கிருந்து கிடைத்த அறிவு, எங்கே இது செல்லாது, இதைச் செய்ய வீட்டிலும் அங்கன்வாடி மையத்திலும் என்ன வேண்டும் என்பதை ஆறு குறிப்புகளாகச் சொல்கிறேன்.

1. இருபத்தொரு மரத்துண்டுகள்

டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெய்ல் ராஸ் ஆகிய மூவரும் 1976இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கல்வி உலகில் இன்று 'சாரம் அமைத்தல்' என்று வழங்கும் கருத்து அதிலிருந்து பரவியதுதான். 3, 4, 5 வயதுக் குழந்தைகள் 30 பேர். அவர்கள் முன் 21 மரத்துண்டுகள். முளையும் குழியும் சரியாகப் பொருந்தினால் அவை ஒரு கூர்நுனிக் கோபுரமாக எழும். ராஸ்தான் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத்தந்தவர். குழந்தை தானாக எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவையும் செய்ய விட வேண்டும் என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

அப்படி விட்டபோது அவருடைய வேலையே வயதுக்கு வயது மாறிப்போனது. மூன்று வயதுக் குழந்தைகளிடம் அவர் செய்தது பெரும்பாலும் ஆசைகாட்டி அழைப்பது. கவனம் வேறெங்கோ போகும், மறுபடி கட்டைகளிடம் கொண்டுவர வேண்டும், எடுத்துச் செய்துகாட்ட வேண்டும். நான்கு வயதில் வாய்ச்சொல் போதுமானதாக இருந்தது. ஐந்து வயதுக் குழந்தைகள் தாமே செய்துவிட்டு, சரியா என்று நிமிர்ந்து பார்த்தார்கள். ஆமாம் என்பதைத் தவிர அங்கே அவருக்குப் பெரிய வேலை இல்லை. இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். தானாகக் கட்டத் தெரியாத மூன்று வயதுக் குழந்தைக்கும், சரியாகப் பொருந்தியது எது என்பது பார்த்தால் தெரிந்தது. கைக்கு முன்னால் கண் கற்றுவிடுகிறது. குழந்தை சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று நாம் பொறுமை இழக்கிற வேளைகளில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இதற்கு ஓராண்டு முன்னால், 1975இல், வுட்டும் டேவிட் மிடில்ட்டனும் தாய்மார்களைக் கவனித்து ஓர் ஆய்வு செய்திருந்தார்கள். என் கருத்துக்கு இதுதான் அடித்தளம். தாய் கொடுக்கும் உதவியை அவர்கள் ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். பொதுவாக ஊக்குவிப்பது, இன்னதைச் செய் என்று குறிப்பாகச் சொல்வது, எடுக்க வேண்டிய பொருளைச் சுட்டிக்காட்டுவது, பொருத்துவதற்குத் தோதாக எடுத்துவைத்துத் தருவது, முழுவதையும் செய்துகாட்டுவது. அதிகம் பேசிய தாயின் பிள்ளையோ, அதிகம் செய்துகாட்டிய தாயின் பிள்ளையோ பிறகு தனியாகக் கட்டுவதில் முன்னால் வரவில்லை. பிள்ளை தவறியவுடன் ஒரு படி ஏறி, பிள்ளை செய்தவுடன் ஒரு படி இறங்கிய தாயின் பிள்ளைதான் முன்னால் வந்தது.

1978இல் இதையே சோதனையாகவும் செய்து பார்த்தார்கள். ஒரு குழுவுக்குச் சொல்லால் மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்குச் செய்துகாட்டி மட்டும். இன்னொரு குழுவிடம் இரண்டுக்கும் இடையே தாவித் தாவிப் போனார்கள். நான்காவது குழுவிடம் மட்டும் ஏறி இறங்கும் விதியைப் பின்பற்றினார்கள். நான்காவது குழுவே தெளிவாக மேலே நின்றது. செய்துகாட்டுவதும் சொல்லித்தருவதும் பயனற்றவை என்று இதற்குப் பொருளில்லை. நான்காவது குழுவுக்குக் கிடைத்ததும் அதே சொற்களும் அதே செய்துகாட்டலும்தான். அவை வந்த நேரம் வேறு.

நம் வீட்டுக்கு வருவோம். சட்டைப் பொத்தான் போடுகிற பிள்ளை. "நீயே போடு பார்க்கலாம்" என்பது முதல் படி. "அடியிலே இருக்கிற பொத்தானை முதல்ல போடும்மா" என்பது இரண்டாவது. அந்தத் துளையை விரலால் தொட்டுக் காட்டுவது மூன்றாவது. பொத்தானைப் பாதி நுழைத்துவிட்டு, மீதியை இழுக்கச் சொல்வது நான்காவது. நாமே போட்டுவிடுவது ஐந்தாவது. பெரும்பாலான வீடுகளில் முதல் படியிலிருந்து நேரே ஐந்தாம் படிக்குத் தாவிவிடுகிறோம். "நீயே போடு" என்று இரண்டு முறை சொல்கிறோம், பிறகு "கொடு இங்கே" என்று வாங்கிப் போட்டுவிடுகிறோம். இடையில் உள்ள மூன்று படிகளும் புழங்காமலே கிடக்கின்றன. பெற்றோர் பயிற்சி வகுப்புகளில் ஒரே ஒரு செய்தி மட்டும் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைத்தால், இந்த மூன்று படிகளைப் பற்றித்தான் சொல்வேன்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி 1934இல், 37 வயதில், காசநோயால் இறந்துபோனார். பிள்ளை தனியாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையே உள்ள பரப்பில்தான் கற்றல் நடக்கிறது என்று அவர் சொல்லிச் சென்றார். அந்தப் பரப்பின் எல்லை நாளுக்கு நாள் நகர்கிறது. நேற்றைய அளவில் இன்று உதவினால் அது மிகையாகிவிடக் கூடும்.

2. விழுவதைப் பற்றி

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் காரென் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் நடைபழகும் குழந்தைகளைக் காணொளியில் பதிவுசெய்து, எடுத்துவைத்த அடிகளையும் விழுந்த தடவைகளையும் எண்ணினார்கள். 2012இல் அந்த ஆய்வு வெளிவந்தது. 12 மாதம் முதல் 19 மாதம் வரையிலான குழந்தைகள் தம் போக்கில் விளையாடும்போது ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைத்தார்கள். அதே ஒரு மணி நேரத்தில் சராசரியாக 17 முறை விழுந்தார்கள். யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்தாமலே நடக்கும் பயிற்சி இது.

ஒவ்வொரு விழுதலுக்கும் ஓடிப்போய்த் தூக்குவது என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? விழுந்த குழந்தை எழுவதற்கு முன்பே அதன் கற்றல் பறிபோகிறது. விழுந்த குழந்தைகளில் பல, அழலாமா என்று முடிவு செய்வதற்கு முன் நம் முகத்தைப் பார்ப்பதை எல்லாரும் கண்டிருப்பீர்கள். அந்த நொடியில் நம் முகம் என்ன சொல்கிறது என்பதும் ஓர் உதவிதான். பதறாத முகம் முதல் படியில் நிற்கிற உதவி.

அடால்ஃபின் இன்னோர் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமானது. சாய்தளம் ஒன்றின் உச்சியில் குழந்தைகளை விட்டுப் பார்த்தார். தவழத் தொடங்கிய புதிதில் செங்குத்தான சரிவிலும் தலைகீழாக இறங்கப் பார்த்தார்கள். பல வாரம் தவழ்ந்த பிறகு சரிவைக் கண்டதும் நின்று, தொட்டுப் பார்த்து, ஆபத்தானதைத் தவிர்த்தார்கள். அதே குழந்தைகள் நடக்கத் தொடங்கியதும் அந்த எச்சரிக்கை காணாமல் போனது. முன்பு தவிர்த்த அதே சரிவில் கால் வைத்தார்கள். தவழும் உடம்பு கற்ற பாடத்தை நடக்கும் உடம்பு மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. இத்தனை சோதனைகளிலும், விழுவதற்குள் பிடித்துவிட ஒருவர் பக்கத்திலேயே நின்றார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். ஒரு முறை விலகிவிட்டால் விலகியதாகவே இருக்க வேண்டும் என்றில்லை. மாடிப்படியில் தவழ்ந்து ஏறி இறங்கத் தெரிந்த குழந்தை நடக்க ஆரம்பித்த வாரத்தில், நாம் மறுபடி அருகே போக வேண்டும். வீடு கட்டும்போது போட்ட சாரத்தைத் தளம் இறுகியதும் ஒரேயடியாகப் பிரித்துவிடுகிறோம். குழந்தை விஷயத்தில் அப்படி ஒரே நாளில் பிரிக்க முடியாது. "போன மாதமே கற்றுக்கொண்டதுதானே, இப்போது ஏன் தெரியவில்லை?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கும் இதனால் இடமில்லை.

நம் ஊர்த் தச்சர்கள் செய்த மூன்று சக்கர மர நடைவண்டி உங்களில் பலருடைய வீட்டில் இருந்திருக்கும். அதைப் பிடித்து எழுந்து நிற்க வேண்டியது குழந்தை. தள்ள வேண்டியதும் குழந்தை. வண்டி தருவது பிடிமானம் மட்டும். இன்று கடைகளில் விற்கும் வாக்கரைப் பாருங்கள். நடுவில் தொட்டில்போல ஓர் இருக்கை, சுற்றிலும் சக்கரம். நிற்கத் தெரியாத குழந்தையை அது நிற்கவைத்துவிடுகிறது, உடம்பின் எடையைத் தானே தாங்கிக்கொள்கிறது. குழந்தை தன் கால்களைப் பார்க்க முடியாதபடி முன்னால் ஒரு தட்டும் இருக்கிறது. அதில் வைத்தால் சீக்கிரம் நடை வரும் என்பது நம்பிக்கை. அப்படி வருவதில்லை. படிகளில் உருண்டு தலையில் அடிபடுவதுதான் நடந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அதைத் தடைசெய்யக் கோரியது. கனடா 2004இல் விற்பனையையே தடைசெய்துவிட்டது. அன்போடு வாங்கித் தருகிற பொருள்தான் அது. குழந்தை சற்றுமுன் என்ன செய்தது என்று கேட்காமலே, எப்போதும் ஐந்தாம் படியில் நிற்கிற பொருளும் கூட.

புடாபெஸ்ட் நகரில் 1946இல் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மருத்துவர் எம்மி பிக்லர், தானாக எட்ட முடியாத நிலையில் எந்தக் குழந்தையையும் வைப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே கொண்டிருந்தார். உட்காரத் தெரியாத குழந்தையைத் தலையணை வைத்து உட்காரவைக்க மாட்டார்கள். இங்கே அவ்வளவு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நம் வீடுகளில் குழந்தை இடுப்பிலும் மடியிலும் வளர்கிறது. அதற்கென்று ஒரு நன்மை உண்டு.

3. வாங்கிச் செய்துவிடுவது

ஜூலியா லியோனார்டும் உடனிருந்தோரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு ஐந்து வயதுக் குழந்தைகள் கடினமான புதிர் ஒன்றோடு போராடினார்கள். சிலரிடம் பெரியவர் குறிப்புச் சொன்னார். சிலரிடம், "இது கஷ்டம், நான் செய்கிறேன்" என்ற விதமாக வாங்கித் தாமே முடித்துக் கொடுத்தார். பிறகு எல்லாருக்கும் திறக்கவே முடியாத ஒரு மரப்பெட்டி தரப்பட்டது. யாருடைய புதிரைப் பெரியவர் வாங்கி முடித்தாரோ, அந்தக் குழந்தைகள் பெட்டியைச் சீக்கிரமே கைவிட்டார்கள். இரண்டு குழுவுக்கும் உதவி கிடைத்தது, இரண்டு குழுவின் புதிரும் முடிந்தது. ஆனால் அடுத்த வேலையில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பது என்பது மாறிவிட்டது.

இதே லியோனார்ட் 2017இல் 15 மாதக் குழந்தைகளோடு செய்த ஆய்வு இதற்கு மறுபக்கம். பெரியவர் ஒருவர் டப்பாவுக்குள் இருக்கும் பொம்மையை எடுக்கப் பாடுபட்டு, பல முறை தோற்று, கடைசியில் எடுப்பதைச் சில குழந்தைகள் பார்த்தார்கள். வேறு சிலர் அவர் சுலபமாக எடுப்பதைப் பார்த்தார்கள். பிறகு குழந்தைகளின் கையில் ஒரு விளையாட்டுப் பெட்டி கொடுக்கப்பட்டது. அதன் பொத்தான் வேலை செய்யாது. பாடுபடுவதைப் பார்த்த குழந்தைகள் அந்தப் பொத்தானை அதிக முறை அழுத்திப் பார்த்தார்கள். பேச்சு வராத வயது அது. இறுகிய பாட்டில் மூடியைத் திறக்க நாம் தவிக்கும்போது, ஊசியில் நூல் நுழையாமல் திரும்பத் திரும்ப முயலும்போது, குழந்தை பக்கத்தில் இருக்கட்டும்.

சொல்லித்தருவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை எலிசபெத் போனாவிட்ஸ் குழுவினர் 2011இல் காட்டினார்கள். ஒரு பொம்மைக்குள் நான்கு வேடிக்கைகள் ஒளிந்திருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும், "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று பெரியவர் காட்டிக்கொடுத்தால், குழந்தைகள் அதையே செய்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். பெரியவர் தற்செயலாகக் கை பட்டதுபோல அதைக் கண்டுபிடித்தபோது, குழந்தைகள் மற்ற மூன்றையும் தேடினார்கள். காட்டித்தந்த ஒன்றை விரைவாகக் கற்றார்கள் என்பதும் உண்மையே. அடுப்பருகே போகாதே என்பதைக் குழந்தை தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, சொல்லியே தர வேண்டும். ஆனால் புதுப் பொம்மையை முதல் நிமிடத்திலேயே வாங்கி, "இங்கே பாரு, இப்படி அமுக்கணும்" என்று காட்டிவிடுகிற நம் பழக்கத்தை மறுபடி யோசிக்க வேண்டும்.

4. விலகுவது விட்டுப்போவதாகாது

இங்கே ஒரு தவறான புரிதல் வந்துவிடக் கூடாது. பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1958இல் எழுதிய கட்டுரை ஒன்றில், தனியாக இருக்கக் கற்பது தாய் அருகில் இருக்கும்போதுதான் தொடங்குகிறது என்றார். தாய் எதுவும் செய்யவில்லை, ஆனால் இருக்கிறாள். அந்த இருப்பின் பலத்தில் குழந்தை தன் பாட்டுக்கு விளையாடுகிறது. 1970களில் எட்வர்ட் டிரோனிக் செய்த ஆய்வையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கைக்குழந்தையின் எதிரே உட்கார்ந்த தாய், சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் காட்டாமல் இருந்தாள். குழந்தை சிரித்துப் பார்த்தது, கை நீட்டியது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது, கலங்கியது. தாய் எழுந்து எங்கும் போகவில்லை. பதில் வராததே குழந்தைக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கையில் போனோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை விலகி நிற்பதாக நாம் எண்ணிக்கொள்ளக் கூடாது.

சாப்பாட்டில் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிறது. உலக சுகாதார அமைப்பும் அதன் அமெரிக்கப் பிராந்திய அமைப்பும் 2003இல் வெளியிட்ட இணையுணவு வழிகாட்டுதல், சிறு குழந்தைக்கு நேரடியாக ஊட்டவும், சற்று வளர்ந்த குழந்தை தானே உண்ணும்போது துணை நிற்கவும் சொல்கிறது. பொறுமையாக, வற்புறுத்தாமல், கவனச் சிதறலைக் குறைத்து, கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே. இந்த இடத்தில் நம்மிடம் இரண்டு விதமான தவறுகளும் இருக்கின்றன. ஒரு வீட்டில் செல்போனை எதிரே வைத்து, குழந்தை கவனிக்காத நேரம் பார்த்து வாயில் திணிக்கிறோம். பசி தீர்ந்ததா என்று உணர்வதற்கே அங்கே வழியில்லை. இன்னொரு வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையின் முன் தட்டை வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அது நாலு வாய் அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறது. ஊட்டச்சத்துக் குறைவுக்கு இந்த இரண்டாவது தவறும் ஒரு காரணம் என்பது களத்தில் இருக்கிற அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். பருப்புச் சாதத்தைப் பிசைந்து ஒரு பகுதியைக் குழந்தையின் கையில் விட்டு, மற்றதை நாம் ஊட்டுவது, அது கை நீட்டினால் நம் கையை நிறுத்துவது, களைத்தால் மறுபடி ஊட்டுவது. படி ஏறி இறங்குவது என்றேனே, அது இதுதான்.

இந்த விதி செல்லாத இடங்களும் உண்டு. தண்ணீர் அவற்றில் முதலாவது. நீரில் மூழ்கி இறக்கும் விகிதம் உலக அளவில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம்தான் மிக அதிகம். மூடாத தொட்டி, குளியலறை வாளி, கிணறு, ஏரிக்கரை ஆகிய இடங்களில் குழந்தை தானாகக் கற்கட்டும் என்ற பேச்சுக்கே இடமில்லை. சாலையும் நெருப்பும் மருந்துப் பாட்டிலும் அப்படித்தான். காய்ச்சல், தூக்கம், பசி, புதிய தம்பி தங்கை பிறந்த வாரம், பள்ளியின் முதல் நாட்கள் ஆகிய வேளைகளில், நேற்றுத் தானாகச் செருப்புப் போட்ட குழந்தை இன்று "நீ போட்டுவிடு" என்று காலை நீட்டும். போட்டுவிடுங்கள். கெட்டுப்போய்விடாது. அன்றைக்குக் குழந்தையால் முடிந்தது அவ்வளவுதான்.

5. பொருளை மாற்றுவது

உதவுவது, விலகுவது என்ற இரண்டையே பேசிக்கொண்டிருந்தால் மூன்றாவதாக ஒன்றை மறந்துவிடுவோம். குழந்தையின் கைக்கு உதவுவதற்குப் பதிலாக, கையில் இருக்கும் பொருளை மாற்றலாம்.

1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்ஸோ பகுதியில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில், மரியா மாண்டிசோரி தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அவர் உருவாக்கிய பொருள்களில் ஒன்று, பத்து உருளைகள் பொருந்தும் மரச்சட்டம். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு குழி. ஒன்றை மாற்றி வைத்துவிட்டால் கடைசியில் ஓர் உருளை எங்கும் சேராமல் மிஞ்சும். தப்பு என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, மரமே சொல்லிவிடுகிறது. குழந்தை உயரத்துக்கு மேசை, குழந்தை தூக்கக்கூடிய நாற்காலி, கைக்கெட்டும் அலமாரி எல்லாம் அதே சிந்தனையில் வந்தவை. இந்த மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தவர். போர் மூண்டு, இத்தாலியர் என்பதால் நாடு திரும்ப முடியாத ஆண்டுகளில் கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளோடு வேலை செய்தவர். அவருடைய சிந்தனையின் ஒரு பகுதி நம் மலையில் விளைந்தது என்று சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு.

நம் அரசுப் பள்ளிகளில் வந்த செயல்வழிக் கற்றலையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளிகளின் அனுபவத்திலிருந்து கற்று, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதற்கும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. கற்றல் ஏணி, படம் போட்ட அட்டைகள், குழந்தை எழுதுவதற்கென்று தரையை ஒட்டிய கரும்பலகை, பாயில் குழந்தைகளோடு உட்கார்ந்த ஆசிரியர். பலரும் கவனிக்காத ஒன்று அதன் குழுக்கள். ஆசிரியரின் முழு உதவியோடு கற்கும் குழு, ஆசிரியரின் பகுதி உதவியோடு கற்கும் குழு, சக மாணவரின் முழு உதவி, சக மாணவரின் பகுதி உதவி, தானே கற்றல், மதிப்பீடு என்று ஆறு குழுக்கள். ஒரு குழந்தை தமிழில் ஐந்தாம் குழுவிலும் கணக்கில் முதல் குழுவிலும் ஒரே நாளில் உட்கார முடிந்தது. வுட்டும் மிடில்ட்டனும் ஒரு தாயிடமும் ஒரு பிள்ளையிடமும் கண்டதை, பல்லாயிரம் வகுப்பறைகளுக்கு ஏற்ற அமைப்பாக வடித்துக் காட்டிய முயற்சி அது. நம் மாநிலம் செய்த அரிய காரியங்களில் ஒன்றாக நான் அதை மதிக்கிறேன். குழந்தையைப் பார்த்து ஆசிரியர் குழுவை முடிவு செய்த இடங்களில் அது உயிரோடு இருந்தது. அட்டையின் அடையாளத்தைப் பார்த்து உட்காரவைத்து, பதிவேட்டை நிரப்புவதே வேலையாகிப்போன இடங்களில் வெறும் சடங்காகிவிட்டது. முறை எதுவானாலும், பார்ப்பது நின்றுவிட்டால் படி ஏறுவதும் இறங்குவதும் நின்றுவிடும்.

மாற்றுத்திறனுள்ள குழந்தைகளுக்கு இந்த மூன்றாவது வழி இன்னும் முக்கியம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை மெல்லிய கரண்டியைப் பிடிக்க முடியாமல் நழுவவிடும். கைப்பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடித்துவிடும். அதுவரை ஊட்டிக்கொண்டிருந்த தாயின் கை அந்த வேளைக்கு ஓய்கிறது. படிகள் இவர்களுக்கும் அதேதான், இடைவெளி மட்டும் சிறியது. ஒரு படி இறங்க மற்றக் குழந்தைக்கு ஒரு நாள் ஆனால், இங்கே ஒரு மாதம் ஆகலாம்.

6. நேரமும் ஆளும்

பொத்தானின் இடைப்பட்ட மூன்று படிகளைப் பெற்றோர் ஏன் தாண்டிப்போகிறார்கள்? அறியாமை என்று சொல்லிவிடுவது அநியாயம். தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்கிறது. அம்மாவுக்கு எட்டரை மணிப் பேருந்து. பிள்ளை பொத்தான் போட எடுத்துக்கொள்கிற ஐந்து நிமிடம் அந்தக் காலையில் கிடையாது. பொறுமையாக இருங்கள் என்று அவரிடம் உபதேசம் செய்வதில் பயனில்லை. காலையில் நாமே போட்டுவிடுவோம், மாலையில் சட்டையைக் கழற்றும்போது அவசரமில்லை, அப்போது பழகட்டும் என்பது நடக்கக்கூடியது. கழற்றுவது போடுவதைவிட எளிது என்பதால் தொடங்குவதற்கும் அதுவே நல்ல இடம்.

இன்னொரு காட்சியும் நமக்குத் தெரிந்ததுதான். நாம் வேலையாக இருக்கும்போது குழந்தை உதவ வரும். 18 மாதக் குழந்தைகளே, முன்பின் தெரியாதவர் துணி கிளிப்பைத் தவறவிட்டால் எடுத்துக் கொடுப்பதை ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2006இல் காட்டினார்கள். அப்படி உதவியதற்குப் பரிசு கொடுத்தபோது, பிறகு உதவும் ஆர்வம் குறைந்தது என்பது 2008இல் அவர்களே கண்டது. பூண்டு உரிக்கவும், காய்ந்த துணியை மடிக்கவும் வருகிற பிள்ளையை "போய் விளையாடு" என்று அனுப்பிவிடுகிறோம். அதே பிள்ளை பத்து வயதில் ஒரு டம்ளர்கூடக் கழுவுவதில்லை என்று பிறகு வருந்துகிறோம்.

அங்கன்வாடிக்கு வருகிறேன். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. மையத்தில் ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். உதவியாளர் அடுப்படியில் இருந்தால் இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான அத்தனை பேருக்கும் டீச்சர் ஒருவர்தான். எடை பார்ப்பது, பதிவேடு, செயலியில் விவரம் ஏற்றுவது எல்லாம் அவர் தலையில். இருபது குழந்தைகள் கைகழுவப் பொறுமையாகக் காத்திருப்பதைவிட, வரிசையாக நிற்கவைத்துக் கழுவிவிடுவது அவருக்கு விரைவானது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கூடுதலாக ஒரு ஆள் வேண்டும், பதிவேட்டுச் சுமை குறைய வேண்டும் என்று கேட்பதற்கு இந்த மேடையையும் பயன்படுத்திக்கொள்கிறேன். அது வரும்வரை பொருளையாவது மாற்றுவோம். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் குழாய், சோப்பு, துண்டு மாட்டும் கொக்கி. ஒரு கையால் பிடிக்கக்கூடிய சின்ன டம்ளர். இவற்றை அமைக்கப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு தச்சரின் ஒரு நாள் வேலை.

இந்தத் துறையின் மாணவ மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். களப்பயிற்சிக்காக நீங்கள் மையங்களுக்குப் போகிறீர்கள். போன உடனே பாட்டும் கதையும் செயல்பாடும் தொடங்கிவிடுகிறீர்கள். உங்கள் ஆர்வம் எனக்குப் புரிகிறது. முதல் வாரத்தில் மட்டும் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, தினமும் சிறிது நேரம் அருகில் உட்கார்ந்து குறிப்பெழுதுங்கள். பெரியவர் ஒருவர் அதற்கு உதவிய ஒவ்வொரு முறையும், அதற்குச் சற்றுமுன் குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது, எந்தப் படியில் உதவி வந்தது, உதவிக்குப் பிறகு குழந்தை தொடர்ந்ததா, நிறுத்திவிட்டதா என்று மூன்று பத்தியாக எழுதுங்கள். பேராசிரியர்கள் இதைச் செய்முறைப் பதிவேட்டில் சேர்த்து மதிப்பெண்ணும் தந்தால் மகிழ்வேன். அந்தக் குறிப்பை மையத்தின் டீச்சரிடமும் காட்டுங்கள். அந்தக் குழந்தையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை அவர் சொல்வார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.